டிராக்டர் ஒயர்களுக்கு ஈயப்பற்று
கையில் எடுத்துச் செல்லும் சால்டரிங் அயர்னைத் தேர்ந்தெடுத்தலும் பயன்படுத்துதலும்

கரும்பு வெட்டும் பருவம் வந்துவிட்டால் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் சாலைகளில் டிராக்டர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஆலை வாயிலில் வரிசையில் நின்று, பாரத்தை இறக்கி, ஊர் திரும்புவதற்குள் பல நாட்களில் நடுநிசி ஆகிவிடுகிறது. அவ்வேளையில் டிரெய்லரின் பின்புறத்துச் சிவப்பு விளக்கு எரிகின்றதா என்பது சிறிய விஷயமன்று. விளக்கு எரியாத டிரெய்லர் இருட்டில் நடுச்சாலையில் எழுப்பிய சுவரை ஒக்கும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அது கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும்.

பொழுது சாய்ந்த பின் விளக்கின்றி வண்டியைச் சாலையில் ஓட்டலாகாது என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டளை. நம் விவசாயிகள் அதை அறியாதவர்களல்லர். புது பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். பாட்டரியையும் கவனித்துக்கொள்கிறார்கள். அப்படியிருந்தும் விளக்கு ஒரு நாள் எரிகிறது, மறுநாள் எரிவதில்லை. குற்றம் பெரும்பாலும் பல்பிலோ பாட்டரியிலோ இல்லை. எப்போதோ அறுந்த ஒயரைக் கையால் முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிட்ட இணைப்பிலேதான் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. அந்த இணைப்பை ஈயத்தால் பற்றவைத்துவிட்டால் குறை தீரும். பத்து நிமிட வேலை இது. இதற்குரிய கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கையாளுவது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

முறுக்கிய இணைப்பில் நேர்வது என்ன?

வாய்க்காலில் நீர் ஓடுவதைப் போன்றே ஒயரில் மின்சாரம் ஓடுகிறது. வாய்க்காலின் நடுவே தழையும் சேறும் அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் சேருவதில்லை. முறுக்கிய இணைப்பிலும் இத்தகைய அடைப்பு உண்டாகிறது. செம்பு இழைகள் ஒன்றையொன்று தொடும் இடம் மிகச் சிறிது. அவ்விடத்தில் ஈரமும், தூசும், உர நீரும் புகுந்து பச்சைக் களிம்பு ஏறுகிறது. வண்டியின் அதிர்ச்சியால் முறுக்கும் நாளடைவில் தளர்கிறது. டேப்பின் பசையோ கோடை வெயிலில் இளகிக் கழன்றுவிடுகிறது.

இதனால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 12 வோல்ட்டில் எரியும் 55 வாட் முன்விளக்கு ஏறக்குறைய நாலரை ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அதற்குச் செல்லும் ஒயரில் உள்ள ஓர் இணைப்பில் அரை ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். சுமார் 2 வோல்ட் அவ்விடத்திலேயே வீணாகிவிடும். எஞ்சிய 10 வோல்ட்டில் விளக்கின் ஒளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். வீணான மின்சாரம் எங்கே போயிற்று? அது இணைப்பில் ஏழெட்டு வாட் வெப்பமாக மாறிற்று. டேப்புக்குள் அடைபட்ட இந்த வெப்பம் ஒயரின் உறையைக் கருக்குகிறது. அருகில் எண்ணெய்ப் பிசுக்கோ காய்ந்த கரும்புச் சோகையோ இருப்பின் தீ விபத்துக்கும் இடமுண்டு.

ஈயப்பற்று என்பது யாது?

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதை நம் பெரியவர்கள் யாவரும் கண்டிருப்பார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, பஞ்சினால் ஈயத்தைத் தேய்ப்பார்கள். நவச்சாரம் உலோகத்தின் மேலுள்ள அழுக்கை நீக்குகிறது. அதன் பின்னரே ஈயம் பளபளவென்று பரவுகிறது. ஒயரைப் பற்றவைப்பதும் இதே தத்துவத்தைச் சேர்ந்ததுதான். செம்பைச் சூடாக்கி, அதன் களிம்பை நீக்கி, உருகிய உலோகத்தை இழைகளுக்கு இடையே ஓடவிடுகிறோம். அது உறைந்ததும் இழைகள் யாவும் ஒரே உலோகத் துண்டுபோல் ஆகிவிடுகின்றன. இடையே ஈரமும் காற்றும் புக வழியில்லை.

கடைகளில் கிடைக்கும் ஈயக் கம்பி இரு உலோகங்களின் கலவையாகும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்தது மிகவும் வழக்கத்தில் உள்ளது. இது 183 டிகிரி சென்டிகிரேடில் இளகத் தொடங்கி, 190 டிகிரிக்குள் முற்றிலும் உருகிவிடும். காரீயம் கலவாத கம்பிகளும் இப்போது கிடைக்கின்றன. அவை உருகுவதற்கு 217 டிகிரி முதல் 227 டிகிரி வரை வெப்பம் தேவை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 60/40 கம்பியே எளிது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பாத்திரத்துக்கு உதவும் நவச்சாரம் ஒயருக்கு உதவாது. நவச்சாரமும், தகர வேலையில் வழங்கும் ஆசிட்டும் செம்பு இழைகளை நாளடைவில் அரித்துவிடும். ஒயர் வேலைக்கு, பைன் மரப் பிசினான ராசினை நடுவில் வைத்துச் செய்த ஈயக் கம்பியையே கேட்டு வாங்க வேண்டும்.

எத்தனை வாட் வேண்டும்?

சால்டரிங் அயர்ன் வாங்குகிறவர்கள் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. "சிறிய ஒயர்தானே, சிறிய அயர்ன் போதும், பெரியதாக இருந்தால் ஒயரைச் சுட்டுவிடும்" என்று அவர்கள் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது.

செம்பு வெப்பத்தை வெகு விரைவில் கடத்தும் உலோகம். நாம் ஓரிடத்தில் கொடுக்கும் சூடு ஒயரின் வழியே இருபுறமும் ஓடிவிடுகிறது. சிறிய அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றினால் எத்தனை நேரம் எரித்தும் நீர் கொதிப்பதில்லை. வலுக் குறைந்த அயர்னும் அத்தகையதே. அதை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்குள் வெப்பம் உறைக்குள் ஊடுருவி, ஒயரின் மேலுறை சுருங்கி உருகிவிடும். இணைப்பும் சரியாகப் பற்றியிராது. போதிய வலுவுள்ள அயர்ன் நாலைந்து விநாடிகளில் வேலையை முடித்துவிடும். வெப்பம் உறைக்குப் பரவ அவகாசம் இராது.

ஆகவே பின்வரும் அளவுகளை நினைவிற்கொள்ளலாம். பின்விளக்கு, சிக்னல் விளக்கு முதலியவற்றின் ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர்களுக்கு 25 முதல் 30 வாட் போதுமானது. முன்விளக்கு, ஹாரன் முதலியவற்றின் இரண்டரை முதல் 4 சதுர மில்லிமீட்டர் வரையிலான ஒயர்களுக்கு 60 வாட் தேவைப்படும். வயல்வெளியில் காற்று வீசும்போது அயர்னின் முனை ஆறிவிடுமாதலால், வெளியில் வேலை செய்பவர் சற்று அதிக வாட் உள்ளதையே நாடுவது நல்லது.

முனையின் வடிவமும் கவனிக்கத்தக்கது. ஊசிபோல் கூரிய முனை ரேடியோ, செல்போன் பழுதுக்கு ஏற்றது. ஒயருக்கு உளி போன்ற தட்டையான முனையே வேண்டும். தொடும் பரப்பு அதிகமானால் சூடும் விரைவில் ஏறும்.

எந்த வகையை வாங்குவது?

வண்டி நின்ற இடத்திற்கே எடுத்துச் செல்லத்தக்க அயர்ன்கள் நான்கு வகைப்படும்.

1. வீட்டு மின்சாரத்தில் இயங்குவது: இது 230 வோல்ட்டில் வேலை செய்யும். விலை குறைவு, உழைப்பும் அதிகம். வண்டியை வீட்டு வாசலுக்கோ கொட்டகைக்கோ கொண்டுவர முடிந்தால் இதுவே போதுமானது. ஆனால் வயலில் நின்றுவிட்ட வண்டிக்கு உதவாது. எர்த் இணைப்புள்ள மூன்று முனைப் பிளக்கில் மட்டுமே இதை மாட்டவேண்டும். ஈரத் தரையில் நின்று பயன்படுத்தக்கூடாது.

2. வண்டி பாட்டரியில் இயங்குவது: இதன் ஒயரின் கோடியில் இரண்டு முதலைவாய்க் கிளிப்புகள் இருக்கும். அவற்றைப் பாட்டரியின் இரு முனைகளில் கவ்வவிட வேண்டும். 60 வாட் அயர்ன் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். அரை மணி நேரம் வேலை செய்தாலும் இரண்டரை ஆம்பியர்-மணியே செலவாகும். டிராக்டர் பாட்டரிக்கு இது ஒரு பொருட்டன்று. விவசாயிகளுக்கு மிகவும் ஏற்றது இவ்வகையே என்பது நமது கருத்து. டிரெய்லரின் பின்கோடி வரை எட்டும் நீளமுள்ள ஒயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

3. எரிவாயுவில் இயங்குவது: சிகரெட் லைட்டருக்கு நிரப்பும் பியூட்டேன் வாயுவே இதற்கும் எரிபொருள். ஒயர் இல்லாததால் எங்கும் எடுத்துச் செல்லலாம். வலுவும் போதிய அளவு உண்டு. ஆயினும் இதன் பக்கத் துவாரத்திலிருந்து அனல் வெளிவரும். பெட்ரோல், வைக்கோல், கரும்புச் சோகை இவற்றின் அருகே இது ஆகவே ஆகாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்துவிடுவதும் அபாயம். கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்கு இது உரியது.

4. உள்ளேயே சிறு பாட்டரி கொண்டது: பேனாவைப்போல் சட்டைப் பையில் அடங்கும். பார்ப்பதற்கு அழகாக இருப்பினும் மலிவான சில வகைகளின் வலு 10 வாட்டைக்கூட எட்டுவதில்லை. மெல்லிய ஒயர் ஒன்றிரண்டுக்கு உதவலாமேயன்றி டிராக்டர் வேலைக்கு இவற்றை நம்ப முடியாது.

இவற்றையன்றி, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் சிறிய அயர்ன்களும் அண்மையில் சந்தைக்கு வந்துள்ளன. அவை நல்லவையே. ஆனால் அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் எந்த வோல்ட்டுக்கு உரியது என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். வோல்ட் பாதியானால் வாட் கால் பங்காகிவிடும் என்பது மின்சாரத்தின் விதி. 24 வோல்ட்டில் 60 வாட் தரும் அயர்னை 12 வோல்ட் பாட்டரியில் மாட்டினால் 15 வாட்டே கிடைக்கும். இதை அறியாமல் வாங்கிவிட்டு, "அயர்ன் சூடேறவில்லை" என்று வருந்துவோர் உண்டு. இதன் மறுபக்கமும் நினைவிலிருக்க வேண்டும். 12 வோல்ட் அயர்னை 24 வோல்ட் லாரி பாட்டரியில் மாட்டினால் நான்கு மடங்கு வலு பாய்ந்து கருவி கருகிவிடும்.

அயர்னுடன் வாங்க வேண்டியவை சிலவே: ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள ராசின் ஈயக் கம்பி, ஒயர் உறையை உரிக்கும் கருவி, சூடுபட்டால் சுருங்கும் சிலீவ் குழாய், அயர்னைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கி, முனையைத் துடைக்க ஈரப் பஞ்சு. சிலீவில் உட்புறம் பசை பூசியது கிடைத்தால் அதுவே சிறந்தது. மழை நீர் உட்புகாமல் அது காக்கும்.

முதலில் குற்றத்தைக் கண்டுபிடித்தல்

நல்ல ஒயரை அறுத்து ஒட்டுவது வீண் வேலை. முதலில் பல்பையும் பியூஸையும் பாருங்கள். அடுத்து எர்த்தைப் பாருங்கள். டிரெய்லர்களில் மிகுதியாகக் காணப்படும் குறை எர்த்திலேயே உள்ளது. பலர் தனி எர்த் ஒயர் விடாமல், கொக்கியும் முளையும் தொடுவதையே நம்பியிருக்கிறார்கள். அங்கே துருவும் கிரீஸும் ஏறியதும் விளக்கு மங்கிவிடுகிறது. டிராக்டரின் பின்புறத்துச் சாக்கெட்டிலிருந்து டிரெய்லர் விளக்குகளுக்குத் தனியாக ஓர் எர்த் ஒயரைக் கொண்டுசெல்வதே தக்க பரிகாரம்.

பற்றவைக்கும் முறை

1. என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். வண்டியிலிருந்து பாட்டரிக்கு வரும் எர்த் கேபிளைக் கழற்றி ஒதுக்கிவையுங்கள். இது மிக முக்கியம். பாட்டரியில் இயங்கும் அயர்னின் கிளிப்புகளைப் பாட்டரி முனைகளில் நேரடியாகப் பொருத்த வேண்டுமே தவிர, வண்டியின் உடலில் பொருத்தலாகாது.

2. களிம்பேறிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரு முனைகளிலும் சுமார் 2 சென்டிமீட்டர் உறையை உரியுங்கள். செம்பு பளபளப்பாக இருக்கவேண்டும். கறுத்திருந்தால் இன்னும் சற்று வெட்டுங்கள்.

3. சிலீவ் குழாயை இப்போதே ஒரு முனையில் கோத்து, சூடு படாத தூரத்திற்குத் தள்ளிவையுங்கள். இதை மறந்துவிட்டுப் பின்னர் இணைப்பைப் பிரிக்காதவர் எவருமிலர்.

4. இரு முனைகளையும் குறுக்காக வைத்து, ஒன்றை மற்றொன்றின்மேல் நெருக்கமாகச் சுற்றுங்கள். இழுத்தால் கழலாத அளவுக்கு இருக்க வேண்டும். வலுவைத் தருவது முறுக்கு. மின்சாரத்துக்கு வழி தருவது ஈயம்.

5. சூடேறிய அயர்னின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, சிறிது ஈயத்தைத் தடவிக்கொள்ளுங்கள். பின்னர் முனையை இணைப்பின் அடியில் வையுங்கள். ஈயக் கம்பியை மேற்புறத்திலிருந்து ஒயரின்மீது தொடவையுங்கள். ஈயத்தை அயர்னில் உருக்கி ஒயரில் சொட்டவிடுவது தவறான முறை. ஒயரின் சூட்டிலேயே ஈயம் உருகி உள்ளே ஓடவேண்டும். இதுவே இவ்வேலையின் உயிர்நாடி.

6. ஈயம் இழைகளுக்குள் இறங்கியதும் கம்பியை முதலிலும், அயர்னை அடுத்தும் எடுத்துவிடுங்கள். உறையும் வரை ஒயரை அசைக்கவே கூடாது. அசைந்தால் உள்ளே வெடிப்பு விழும்.

7. நன்கு பற்றிய இணைப்பில் ஈயம் வழுவழுப்பாகப் படிந்து, இழைகளின் வரிவடிவம் வெளியே தெரியும். உருண்டையாகத் திரண்டு நின்றால் அது பற்றவில்லை, மீண்டும் சூடாக்குக. 60/40 ஈயமானால் பளபளப்பும் இருக்கும். காரீயம் கலவாத ஈயம் நன்கு பற்றியிருப்பினும் சற்று மங்கலாகவே தோன்றும்.

8. ஆறிய பின் சிலீவை இணைப்பின் நடுவே இழுத்துவிட்டு, சூடு காட்டிச் சுருங்கச் செய்யுங்கள்.

9. இறுதியாக, இணைப்புக்கு இருபுறமும் ஒயரைச் சட்டத்துடன் கட்டுங்கள். ஈயம் ஏறிய பகுதி விறைப்பாகிவிடும். அதை ஆடவிட்டால், விறைப்பும் இளக்கமும் சந்திக்கும் இடத்தில் ஒயர் முறியும். ஈயப்பற்றைக் குறை கூறுவோர் பலரும் இக்கட்டைப் போடாதவர்களே.

மல்டிமீட்டர் உள்ளவர்கள், விளக்கு எரியும்போது இணைப்பின் இரு பக்கங்களுக்கும் இடையே வோல்ட் அளந்து பார்க்கலாம். அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கவேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேற்பட்டால் இணைப்பைத் திரும்பச் செய்வதே நலம்.

ஈயப்பற்று ஆகாத இடங்கள்

எல்லா இணைப்புக்கும் ஈயம் மருந்தல்ல. பாட்டரி கேபிள், ஸ்டார்ட்டர் கேபிள் ஆகியவற்றில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். தளர்ந்த இணைப்பு சூடேறினால் ஈயம் உருகி வழிந்துவிடும். அவற்றுக்கு லக்கை வைத்து அழுத்திப் பிடிக்கும் கிரிம்பிங் முறையே தக்கது. ஸ்குரூவை முடுக்கிப் பிடிக்கும் இடங்களில் ஒயர் நுனிக்கு ஈயம் ஏற்றலாகாது. ஈயம் மெதுவாக நசுங்கிக் கொடுப்பதால் ஸ்குரூ தளர்ந்துவிடும். கார்களில் காற்றுப்பைக்குச் செல்லும் மஞ்சள் நிற ஒயர்களை எவரும் தொடக்கூடாது. தூய்மைக் காவலர்கள் ஓட்டும் பாட்டரி வண்டிகளில் விளக்கு ஒயரைப் பழுது பார்க்கலாம். பிரதான பாட்டரி அடுக்கையும் மோட்டார் இணைப்புகளையும் விற்ற கம்பெனியின் மெக்கானிக்கிடமே விடவேண்டும். பியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றும் வழக்கத்தையோ இன்றே கைவிட வேண்டும்.

பாதுகாப்பு விதிகள்

அயர்னின் முனை 350 டிகிரி வரை சூடேறும். தாங்கியிலன்றி வேறெங்கும் வைக்கக்கூடாது. சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும்; ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகையால் சற்று முன்புவரை சார்ஜ் ஏறிய பாட்டரியில் உடனே கிளிப்புகளைப் பொருத்தாமல், சிறிது நேரம் காற்றாட விட்டுவிடுங்கள். ராசின் புகை மூச்சுத் தொல்லை தரும். முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யுங்கள். காரீயம் நஞ்சு என்பதை மறக்கலாகாது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே வெற்றிலையையோ உணவையோ தொடவேண்டும். ஈயத் துணுக்குகளைக் குழந்தைகள் எடுக்காதபடி ஒரு டப்பாவில் சேர்த்துவையுங்கள்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

ஒவ்வொரு டிராக்டர் சொந்தக்காரரும் ஓர் அயர்ன் வாங்க வேண்டும் என்பதில்லை. 12 வோல்ட் அயர்ன் ஒன்று, 230 வோல்ட் அயர்ன் ஒன்று, ஒரு மல்டிமீட்டர், ஈயக் கம்பி, சிலீவ் ஆகியவற்றை ஒரு பெட்டியிலிட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்தால் ஊர் முழுவதற்கும் அது உதவும். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒயர்மேன், எலக்ட்ரீஷியன், டிராக்டர் மெக்கானிக் பிரிவுகளில் தேறிய இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கின்றனர். அவர்களில் ஒருவரிடம் பெட்டியின் பொறுப்பை ஒப்படைக்கலாம். கரும்பு வெட்டு தொடங்குமுன் ஒரு மாலைப் பொழுதில் ஊரிலுள்ள டிரெய்லர்களை எல்லாம் ஓரிடத்தில் நிறுத்தி, விளக்குகளை எரியவிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. எரியாதவற்றை அங்கேயே பற்றவைத்துவிடலாம்.

இதற்குப் பெரிய திட்டமோ பெரிய மானியமோ வேண்டியதில்லை. ஒரு முழ ஈயக் கம்பியும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். நம் வண்டியின் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு நமக்காக எரிவதன்று. நமக்குப் பின்னால் வருகிறவர் பத்திரமாக வீடு சேர வேண்டும் என்பதற்காக எரிவது. அது அணையாமல் பார்த்துக்கொள்வது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.